இரண்டு கயிறு

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்ததும் என்ஜினியர் கதவைத் தாழிட்டார். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"மூணு மணிக்கு மேனேஜர் உங்க ஃபோல்டரைத் திறந்து பாக்கப்போறார் அண்ணே. அந்த வீடியோ அதுல இருந்தா உங்க சீட்டு கிழிஞ்சுது."

பாதுகாப்பு அலுவலர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வீடியோவில் இருப்பவர் அவருடைய தங்கையின் கணவர். உருளை இயந்திரம் உள்ளே இழுத்து அவர் செத்து ஒன்பது நாள் ஆகிறது.

குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று நிர்வாகம் எழுதிவிட்டது. மேனேஜரே பக்கத்தில் நின்று தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னதைக் கூரைக் கேமரா மட்டும்தான் பார்த்திருந்தது.

"திங்கக்கிழமை விசாரணை. அது இல்லேன்னா என் மச்சான் குடிகாரன்னே முடிச்சிருவாங்க தம்பி. தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"வெளியில கொண்டுபோக வழியுண்டா, சொல்லுங்க."

வழியில்லை. செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பென் டிரைவ் செருகும் இடங்களையெல்லாம் பசை வைத்து அடைத்தாயிற்று.

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அன்னைக்கு இந்த வீடியோவை நீங்களும் கேட்டீங்க, அவர் குடிக்கலைன்னு சொன்ன முதலுதவி ரூம் நர்ஸம்மாவும் கேட்டாங்க. நான் ரெண்டு காப்பி போடலை. ஃபைல் ஒண்ணுதான், பேர்தான் ரெண்டு. உங்க ஃபோல்டர்ல ஒரு பேர், அவங்க ஃபோல்டர்ல ஒரு பேர்."

அலுவலருக்குப் புரியவில்லை. என்ஜினியர் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையருகே போனார்.

அதில் ஒரு வட்டமும் அதன் மேல் இரண்டு கோடுகளும் ஏற்கெனவே இருந்தன. ஒரு கோடு நடுவில் அழிந்திருந்தது. பேனாவால் அதை இழுத்துச் சேர்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது வாளி. இது ரெண்டும் கயிறு. அழின்னு நீங்க சொன்னா, சிஸ்டம் வாளியைத் தொடாது. உங்க கயித்தை மட்டும் அவுத்துவிடும். இன்னொண்ணு இருக்கிற வரைக்கும் வாளி தொங்கிட்டேதான் இருக்கும்."

ஒரு கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். வட்டம் அப்படியே இருந்தது.

"நர்ஸம்மா பயந்துட்டாங்கன்னா?"

"அவங்களா? ஊசி போட்டு மேனேஜரையே அழவிட்டவங்க அண்ணே."

ஒன்பது நாளில் முதன்முறையாக அலுவலர் சிரித்தார். "சரி, நீயே அழிச்சிடேன்."

"யார் அழிச்சதுன்னு சிஸ்டம் எழுதி வைக்கும். உங்க பேர் இருந்தாத்தான் மேனேஜர் நம்புவார்."

அலுவலர் உட்கார்ந்து, சொன்னபடி தட்டினார். ஃபோல்டர் போகவில்லை. 'காலியாக இல்லை' என்று திரையில் ஒரு வரி வந்தது.

"உள்ள ஏதாவது இருந்தா ஃபோல்டர் போகாது. முதல்ல வீடியோ, அப்புறம் ஃபோல்டர்."

அலுவலரின் விரல் விசையின் மேல் சற்று நேரம் நின்றது. மச்சான் கடைசியாகக் கேமராவை நிமிர்ந்து பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. பலகையில் இருந்த வட்டத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு அழுத்தினார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டால் அது பேசாது என்றார் என்ஜினியர். அடுத்த அழுத்தலில் ஃபோல்டரும் போயிற்று.

"உன்னை மறக்க மாட்டேன் தம்பி. பத்திரமா இருக்குன்னு சொன்னாலே தங்கச்சி இன்னைக்கு ஒரு வாய் சாப்பிடுவா."

"தைரியமா சொல்லுங்க அண்ணே."

அலுவலர் வெளியேறியதும் என்ஜினியர் மறுபடி தாழிட்டார். ஒரு கையால் பலகையைத் துடைத்துக்கொண்டே மறுகையால் அறைத் தொலைபேசியில் மேனேஜரின் எண்ணைச் சுழற்றினார்.

"முடிஞ்சது சார். அவர் கையாலயே."

"அந்த நர்ஸ்கிட்ட இன்னொண்ணு இருக்குமேய்யா?"

"அவங்க காலையிலேயே அழிச்சிட்டாங்க சார், அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்குங்கிற தைரியத்துல."