நூற்றுத் தொண்ணூற்றைந்தாவது அர்த்தம்

"நூத்தித் தொண்ணூத்தி நாலு அர்த்தம் போட்டாச்சும்மா! பாவம், மூணே எழுத்து. இதுக்கு மேல அது தாங்காது!"

லண்டன் அகராதி அலுவலகத்தில், காகிதச் சீட்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஆசிரியர் பென்ஹாலோ சிரித்தார். 'செட்' (set) என்ற ஒரே ஒரு மூன்றெழுத்து ஆங்கில வார்த்தையோடு ஒன்றரை வருடமாக மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தார் மனிதர்.

எதிரே நோரா ரெய்ஸ்ட்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. யார்க்‌ஷயர் மலைப்பக்கத்து ஹெபில்டேலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

"அந்த நூத்தித் தொண்ணூத்தி நாலுல எங்க ஊர் அர்த்தம் இருக்கா சார்?"

"சூரியன் அடையறது செட். ஜெல்லி உறையறது செட். அலாரம் வெச்சா செட், மோதிரத்துல கல் பதிச்சா செட், ஒடிஞ்ச எலும்பைச் சேத்துக் கட்டினா அதுவும் செட். ஆறு கோப்பை சேர்ந்தா செட், ஆறு போக்கிரிங்க சேர்ந்தாலும் செட். இத்தனை போதாதாம்மா?"

"எங்க ஊர்ல மழைக்கு ஒதுங்கறதுதான் சார் செட். மழை வந்துட்டா, கண்ணுல பட்ட வீட்டுக்குள்ள நுழைஞ்சிடலாம். கதவைத் தட்ட வேண்டாம். ஆகாதவன் வீடா இருந்தாலும் சரி, அவன் டீ போட்டுக் குடுத்தே ஆகணும். மழை விடற வரைக்கும் ரெண்டு பேரும் பழைய சண்டையை எடுக்கக் கூடாது. அதைத்தான் 'செட் இருக்கறது'ம்போம்."

"அடைக்கலம்னு நல்ல வார்த்தையே இருக்கே!"

"அடைக்கலம்னா கெஞ்சணும் சார். செட்ல யாரும் யார்கிட்டயும் கெஞ்சறதில்ல."

பென்ஹாலோவின் பேனா ஒரு கணம் எழுந்தது, மறுபடி படுத்துக்கொண்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர் அவர்.

"உங்க பதினோரு கடிதத்துக்கும் ஒரே பதிலைத்தானே எழுதினேன்? வாயால சொன்னா இங்கே செல்லாது. அச்சுல வந்திருக்கணும். அதுவும் அஞ்சு வெவ்வேற ஆளுங்க எழுதினதா இருக்கணும். இன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பக்கம் அச்சுக்குப் போயிடும். அதை விட்டா அடுத்த பதிப்புக்கு முப்பது வருஷம்."

முப்பது வருடம் கழித்துத் தான் எங்கே இருக்கப் போகிறோம் என்று நோராவுக்குத் தெரியும். பக்கத்துப் பள்ளத்தாக்கு வியாபாரிகள் சந்தையில் சொல்லிச் சிரிப்பது அவள் காதில் கேட்டது: 'ஹெபில்டேல்காரன் பேசறது இங்கிலீஷா, ஆடு கத்தறதா?' நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பார்வை மேசைமேல் போயிற்று. "அந்தத் தாள்ல நாலாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு சார்."

தாள் அவருக்கு நேராகவும் அவளுக்குத் தலைகீழாகவும் கிடந்தது. குனிந்து பார்த்தவரின் காது சிவந்தது. சத்தமில்லாமல் திருத்திக்கொண்டார்.

நோரா கைப்பையைத் திறந்து ஐந்து அச்சுத் தாள்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க."

பென்ஹாலோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'மழையினிமித்தம் சபையாரில் பாதிப்பேர் கசாப்புக் கடையில் செட் இருந்தபடியால் ஆராதனை தாமதமாயிற்று.' அட, பாதிரியாரே எழுதியிருக்காரா? 'இரு அணிகளும் ஒரே மாட்டுத் தொழுவத்தில் செட் இருந்ததால் ஆட்டம் சமனில் முடிந்தது.' இது கிரிக்கெட் சங்கச் செயலாளர். இது டாக்டரோட அறிவிப்பு. இது ஆட்டுச் சந்தைக்காரர். இது பாலம் கட்டற கமிட்டித் தலைவர்!"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சந்தேகம் மட்டும் சாயவில்லை.

"இவங்க அஞ்சு பேரும் கூடிப் பேசிக்கிட்டு எழுதியிருக்க மாட்டாங்களே?"

"நல்லா கேட்டீங்க! டாக்டரும் பாதிரியாரும் முகம் பாத்துப் பேசியே நாலு வருஷமாச்சு."

"நீங்க யார்கிட்டயாவது சொல்லி எழுத வெச்சீங்களா?"

"சத்தியமா இல்ல சார். ஒருத்தர்கிட்டயும் நான் வாயே திறக்கல."

"பின்னே எப்படித்தான் இத்தனையும் கிடைச்சுது?"

"எங்க ஊர்ல அச்சாகற எதுவும் என் கையைத் தாண்டிப் போகாது சார்."

பென்ஹாலோ எழுந்து நின்றார். முப்பது வருட வேலையில் தேடிவந்த யாருக்கும் அவர் எழுந்து நின்றதில்லை. "தானா வாழ்ற வார்த்தைம்மா இது. யாரும் ஜோடிச்சதில்ல" என்று சொல்லி, புதுச் சீட்டு ஒன்றை எடுத்து 195 என்று எண் போட்டார். கீழே 'ஹெபில்டேல் வழக்கு' என்று எழுதினார்.

தன் ஊர்ப் பெயரை அந்தச் சீட்டில் பார்த்ததும் நோராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அரசியே தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாலும் அவள் இவ்வளவு பூரித்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஹெபில்டேலின் ஒரே அச்சகத்தில், மைக்கறை படிந்த மேலங்கியை மாட்டிக்கொண்டு நோரா ஈய எழுத்துகளைக் கோக்கத் தொடங்கினாள். அந்த ஐந்து பேரும் எழுதிக் கொடுத்திருந்த பட்டணத்து வார்த்தைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்து இடத்திலும் 'செட்' என்று கோத்தது அவள்தான். அச்சான பிறகு வாங்கிப் படித்த அந்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட, தாம் எழுதியது வேறு வார்த்தை என்று தோன்றவே இல்லை.