நாற்காலியில் மாட்டிய பை

"பொய் சொல்லாதீங்கண்ணா. ரெண்டு நாள்ல நாலு கிலோ ஏறியிருக்குது. குடம் குடமா தண்ணி குடிச்சிக்கினு இங்க வந்து..."

"சத்தியமா ரெண்டு டம்ளர்தான் சிஸ்டர்."

டயாலிசிஸ் வார்டின் ஆறு கட்டில்களும் திரும்பிப் பார்க்கின்றன. சார்ஜ் நர்ஸ் பிரவீனா குரலைத் தாழ்த்தவில்லை. எடை மேடைமேல் சக்கர நாற்காலியில் தர்மன் தலைகுனிந்திருக்கிறார். ஜன்னல் வெயிலில் அவருடைய உதடு வெடித்துக் காய்ந்து தெரிகிறது. அவர் மனைவி செல்லியம்மாள் வந்து, நாற்காலியின் பின்னால் மாட்டியிருந்த, நெசவுக்கான பட்டுநூல் கட்டுகள் நிறைந்த பையைக் கழற்றுகிறாள். மேடையின் சிவப்பு எண் இரண்டு கிலோ இறங்குகிறது. எடை பார்த்தபோது நாற்காலியின் எடையைக் கழித்த பிரவீனா, பையைக் கவனித்திருக்கவே இல்லை. எண் இறங்கியதை இப்போது அவள் மட்டும்தான் பார்க்கிறாள். தாளில் எண்ணைத் திருத்துகிறாள்.

"இனிமே குடிக்கலை சிஸ்டர், கோச்சுக்காதீங்க" என்கிறார் தர்மன்.

அவள் தாளை மடித்து வைத்துவிட்டு ஊசியைப் பிரிக்கிறாள். அவள் இடத்தில் நீங்களாக இருந்தால் அந்த ஆறு பேர் முன்னால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு எழுதுங்கள்.