வடை போடாத தனி ஆவர்த்தனம்

பல்கலைக்கழக இசைத்துறையில் மதிப்பெண் போடுவது இப்போது அரங்கத்து நாற்காலிகள்தான். பேராசிரியர்களைவிட அவை நேர்மையானவையாம். கச்சேரி நடுவே ஒருவர் எழுந்து போனால் ஒரு மதிப்பெண் போச்சு. மிருதங்கத்துக்கென்று ஒதுக்கிய தனி ஆவர்த்தனத்தில்தான் ரசிகர்கள் கேன்டீனுக்குக் கிளம்புவார்கள் என்பதால், மிருதங்க மாணவர்கள் ஆண்டுதோறும் பெயில்.

இறுதியாண்டு மிருதங்க மாணவி ஏஞ்சலின் நேராகக் கேன்டீன் மாஸ்டர் காளிமுத்துவிடம் போனாள். "அண்ணே, என் தனி முடியிற வரைக்கும் வடை போடாதீங்க."

தேர்வுக் கச்சேரி அன்று வடை வாசனை வரவில்லை, ஒருவரும் எழவில்லை. நூற்றுக்கு நூறு, தங்கப் பதக்கம்.

பதக்கத்தோடு நன்றி சொல்லப் போனாள்.

"வேலை இல்லாததால நானும் கதவோரம் நின்னு முழுசாக் கேட்டேன் பாப்பா," என்றார் காளிமுத்து. "மூணு இடத்துல தாளம் தப்பிடுச்சு. நல்லவேளை, நான் நாற்காலியில உக்காரல. எழுந்து போயிருப்பேன்."