கன்னி மூலை

"நண்பர்களே, கண்டரமாணிக்கம் சகாய ஆண்டனிகிட்ட யாரும் ஒரு ஸ்குரூ கூட வாங்கிறாதீக. கோணல் மெஷினை என் தலையில கட்டிட்டாரு. நான் பட்டது போதும்!"

மரவேலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பேசி அனுப்பியதும் ஏகப்பனுக்குச் சமூக சேவை செய்த நிறைவு வந்தது. கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

பின்னே? பலகையின் ஓரத்தை நூல் பிடித்த மாதிரி சீவித் தருவதுதான் இழைப்பு மெஷினின் வேலை. பழைய மெஷின்தான் என்றாலும், ஆண்டனி ஓட்டிக் காட்டியபோது ஒழுங்காகத்தான் சீவியது. காரைக்குடிக்கு வந்து இறங்கியதும் அதற்குப் புத்தி கெட்டுவிட்டது. சீவிய இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

ஏகப்பன் பிளேடை மாற்றினார். போல்ட்டை எல்லாம் முடுக்கினார். எலுமிச்சம்பழம்கூடக் கட்டிப் பார்த்தார். வெளிச்சம் போகவில்லை.

மறுநாள் காலையில் ஆண்டனியே பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. மரத்தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் பட்டறையை மூடி, மெஷின்களை ஒவ்வொன்றாக விற்கிறார்.

"தம்பி, என் அறுக்கிற மெஷினை எடுத்துக்கிறேன்னு திருப்பத்தூர்க்காரர் ஒருத்தர் சொல்லியிருந்தாரு. நீங்க குரூப்புல பேசுனதைக் கேட்டுட்டு வேணாம்னுட்டாரு. மாசக் கடைசிக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணணும். விக்கலைன்னா பழைய இரும்புக்குத்தான் போடணும். அதான், என்ன கோளாறுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நல்லாப் பாருங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?" ஏகப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆண்டனி பையிலிருந்து நீளமான இரும்புப் பட்டையை எடுத்து, மெஷினின் இரண்டு மேசைகளுக்கும் குறுக்கே வைத்தார். ஒரு பக்கம் ஒட்டியது. மறுபக்கம் தூக்கியது.

"முறுக்கிக்கிட்டுல்ல நிக்கிது" என்று முனகியவர், தரையில் உட்கார்ந்து மெஷினின் கால்களைப் பார்த்தார்.

மூன்று கால்கள் தரையில் இருந்தன. நான்காவது காலுக்கு அடியில் உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்று இருந்தது. அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தது.

"இது என்ன தம்பி?"

"அதுவா? கன்னி மூலைண்ணே. தென்மேற்கு ஒசந்து இருந்தாத்தான் தொழில் விருத்தியாகும்னு வாஸ்து பாக்குறவர் சொன்னாரு."

"பட்டறைக்குச் சொன்னாரா, மெஷினுக்குச் சொன்னாரா?"

ஏகப்பன் யோசித்தார். அதைக் கேட்க விட்டுப் போயிருந்தது.

"மூணு கால் பூமியில, ஒரு கால் ஒசரத்துல. அப்படியே போல்ட்டைப் போட்டு முடுக்கியிருக்கீக. இரும்புன்னாலும் அது ஒடம்பு முறுக்காதா?"

ஆண்டனி போல்ட்டுகளைத் தளர்த்தி, கல்லை உருவி, கால்களைச் சமமாக நிறுத்தி மறுபடி முடுக்கினார். இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தார். இரண்டு பலகைகளைச் சீவிச் சேர்த்து வைத்தார்.

ஏகப்பன் குனிந்து பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். வெளிச்சம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கி வந்த டீயைக் குடித்து முடிக்கும் வரைக்கும் அது இருந்தது.

"அப்ப நான் வாரேன் தம்பி. குரூப்புல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"இதை நீங்க சொல்லணுமாண்ணே? இப்பவே சொல்றேன்!"

ஆண்டனி கிளம்பியதும் ஏகப்பன் நடந்ததை நடந்தபடியே பேசிப் பதிவு செய்தார். அனுப்பும் முன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். கன்னி மூலை வந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் எப்படிச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டு மறுபடி பேசினார்.

"நண்பர்களே, ஆண்டனி அண்ணன் நேர்லயே வந்து மெஷினைச் சரி பண்ணிக் குடுத்துட்டாரு. நானும் பெருசு பண்ணலை. மன்னிச்சு விட்டுட்டேன்."

இந்தத் தடவை கும்பிடும் கைகள் வந்தன. 'பெரிய மனசுண்ணே உங்களுக்கு' என்றார் ஒருவர். திருப்பத்தூர்க்காரர் எழுதியிருந்தார்: 'அப்ப கோளாறு நெசந்தான். நல்லவேளை, நான் அந்த அறுக்கிற மெஷினை எடுக்கலை.'

ஏகப்பனுக்குப் பாவமாகப் போய்விட்டது. அவ்வளவு நல்ல மெஷின் பழைய இரும்புக்குப் போவதா? மாசக் கடைசி வரை பொறுத்திருந்து, ஆண்டனிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, யாருமே வரலையாமே? கவலைப்படாதீக. அந்த இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கிறேன். ஊர்ல யாரு நம்பாட்டி என்ன, எனக்கு ஒங்க மேல நம்பிக்கை இருக்குண்ணே!"