மழைக்காகக் கட்டிய தாலி

"கல்லெறிஞ்சவனே, ஏன் ஒளியிற? நேத்து என் கல்யாணத்துல மேளத்துக்கு முன்னால ஆடினவனும் நீதானே!" என்று ஆண் கழுதை தெருவைப் பார்த்துக் கத்தியது.

மழையே இல்லாத ஊர் அது. மழை வரட்டும் என்று இரண்டு கழுதைகளைப் பிடித்து, மாலை போட்டு, தாலி கட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அவை நடுத்தெருவில் கூடியதும், "சீ, பிள்ளைங்க பாக்குது" என்று கல்லால் அடித்துப் பிரித்துவிட்டார்கள். பெண் கழுதையின் காலில் ரத்தம் வழிந்தது.

"எங்களுக்கு வெந்நீரே ஊத்துவாங்க, மாப்ளே. பழகிக்கோ" என்றது தெருநாய்.

"உன் கல்யாணத்துக்கு எவன்டா பத்திரிகை அடிச்சான்? எனக்கு அடிச்சானுங்களே!"

"விடுங்க" என்றது பெண் கழுதை. "சாயங்காலம் என் முதலாளி என்னைச் செங்கல் சூளைக்கு ஓட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ."

ஆண் கழுதை தெருவை மறித்து நின்றது.

"சம்பந்தம் பேசினவன் எவனோ, வெளியே வாடா! ஊரைக் கூட்டிக் கட்டி வச்சேல்ல? இவளை ஓட்டிட்டுப் போறதுக்குள்ள எங்க ரெண்டு பேரையும் ஒரே கொட்டில்ல சேர்த்து வை!"