எதிர்வீட்டு கேட்

"குடிச்சா, எது நம்ம வீடு எது எதிர்வீடுன்னு தெரியுமா இந்த மனுஷனுக்கு? அவங்க கேட்ல போய் ஏறியிருக்கார்."

ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள் மனைவி. கட்டிலில் குப்புறக் கிடந்தவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "விடும்மா, பாவம். இனிமே உட்காரவே அவருக்கு மாசக்கணக்குல ஆகும்."

"நிக்கட்டும். நின்னாலாவது வீடு அடையாளம் தெரியுதான்னு பார்ப்போம்."

அந்த நேரம் பார்த்து ஃபைலோடு வந்தாள் கோடிங் பெண். டாக்டர் எழுதின காயத்தைக் குறியீட்டு எண்ணாக மாற்றி இன்சூரன்ஸுக்கு அனுப்புவது அவள் வேலை.

"கீழ் முதுகுல இடப்பக்கம் கேட்டோட கூர்க்கம்பி இறங்கி, இடுப்பெலும்பைத் தொட்டிருக்கு. துண்டு எதுவும் உள்ளே தங்கலை. இதெல்லாம் டாக்டர் எழுதிட்டார். எப்படி நடந்ததுங்கிற இடம்தான் காலியா இருக்கு. எதுக்கு சார் கேட் ஏறினீங்க?"

மனைவி முந்திக்கொண்டாள்.

"குடிபோதைன்னு எழுதிக்கோம்மா."

"அப்படி எழுதினா இன்சூரன்ஸ் வராதும்மா. ஆபரேஷன் செலவு மொத்தமும் உங்க தலையிலதான்."

"வராட்டிப் போகட்டும்."

இப்படியும் ஒரு பொண்டாட்டியா என்று ஆகிவிட்டது கோடிங் பெண்ணுக்கு. மனைவியை வராந்தாவுக்குத் தனியாகக் கூட்டிப் போனாள்.

"ரத்தத்துல சாராயம் துளிகூட இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. கட்டின புருஷன் மேல ஏம்மா இப்படிப் பழி போடறீங்க?"

மனைவியின் குரல் இறங்கிப்போனது.

"அவர் வாழ்நாள்ல குடிச்சதே இல்லைம்மா. எதிர்வீட்டுப் பொண்ணு தனியா இருந்தா. இவர் எங்க மாடியிலேர்ந்து ஜன்னல் வழியா பார்த்திருக்கார். அவ உயிரை விடத் துணிஞ்சுட்டான்னு புரிஞ்சு ஓடினார். கேட் பூட்டியிருந்தது. அவசரத்துல ஏறி வழுக்கிட்டார்."

"ஐயோ, அந்தப் பொண்ணு?"

"இவர் அலறினதைக் கேட்டு அவளே ஓடி வந்துட்டா. ஆள் வர்ற வரைக்கும் இவரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் அவதான். இப்ப அவளை டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்காங்க. அவ அம்மாவுக்கும் எங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஊர் வாயே அவளைக் கொன்னுடும்."

கோடிங் பெண் பேனாவை எடுத்தாள். "கேட்ல ஏறும்போது வழுக்கிட்டார், அவ்வளவுதான். நடந்தது அதுதானே? டாக்டர்கிட்ட சொல்லி அதையே எழுத வெச்சுடறேன். பணமும் வந்துடும்."

மனைவி கைகூப்பினாள்.

"ஆனா ஒண்ணு கேட்கட்டுமா? நீங்க சும்மா இருந்திருந்தாலே யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. எதுக்கு அவர் மானத்தை இப்படிக் கப்பலேத்தறீங்க?"

"சும்மா இருந்தா, எதுக்கு ஏறினார்னு ஆளாளுக்குத் துருவுவாங்கம்மா. குடின்னுட்டா, அதுக்கு மேல யாரும் கேட்கறதில்லை. அவர்தான் இப்படித் திட்டச் சொன்னார்."