கோணல் மூஞ்சிப் படம்

ஒரு சண்டை வீடியோ கேமுக்காகக் கையால் வரைந்த படங்களை பக்கத்துக்கு ஒன்றாக டிஜிட்டல் தொகுப்பாக்கினார்கள். பக்கங்களை வேகமாகத் தள்ளினால் வீராங்கனை குத்துவாள், எதிராளி விழுவான்.

குத்து பாயும் படத்தில் மட்டும் அவள் முகம் கோணி, கை ரப்பராய் நீண்டிருந்தது.

"உன்னால என் மானமே போகுது. பின்னாடி போ!" என்றது, முந்தின பக்கத்தில் முஷ்டியை ஓங்கி நின்ற அழகுப் படம்.

கோணல் படம் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது.

ஒரு ரசிகை வந்து பக்கங்களைத் தள்ளினாள். எதிராளி விழவில்லை.

"விழுடா!" என்று பல்லைக் கடித்தது அழகுப் படம்.

"எதுக்கு விழணும்? இன்னும் யாருமே அடிக்கலையே!" என்றான் அவன்.

ரசிகை மறுபடி தள்ளிப் பார்க்க முதல் பக்கத்துக்குப் போனாள்.

அழகுப் படம் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் குழைந்தது: "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் வர்றீங்களா?"